கடன் ஒரு பக்கம், காய் ஒரு பக்கம்: திண்டுக்கல் சமவெளியில் காய்கறிக் கூட்டுறவு



நம் மாவட்டத்தில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் பெயர்ப்பலகை கண்ணில் படும். விடிந்தும் விடியாமலும் பால் சங்கத்து வாசலில் தூக்குப்போணியோடு பெண்கள் நிற்பார்கள். அதே ஊர்களின் தோட்டங்களில் தக்காளி, கத்தரி, வெண்டை, முருங்கை, சின்ன வெங்காயம், பீட்ரூட், அவரை, புடலை, பாகல் என்று ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று காய்த்துக்கொண்டே இருக்கிறது. கடனுக்குச் சங்கம் இருக்கிறது, பாலுக்குச் சங்கம் இருக்கிறது. இவ்வளவு காய் விளைகிற மண்ணில் காய்கறியை விற்றுத் தரும் சங்கம் ஏன் வேர் பிடிக்கவில்லை? இன்று நான் பேச வந்திருப்பது இந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

விவசாயிகளிடம் ஒற்றுமை இல்லை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் பதில். அதை நான் ஏற்கவில்லை. இதே விவசாயிதான் பால் சங்கத்தில் ஒற்றுமையாக இருக்கிறார். ஒரே கிணற்றில் நாலு பங்காளிகள் முறை வைத்துத் தண்ணீர் இறைக்கிறார்கள். குறை ஆட்களிடம் இல்லை, அமைப்பில் இருக்கிறது. கடனை ஓரிடத்திலும் விற்பனையை வேறிடத்திலும் பிரித்து வைத்தோம். மண்டி அவை இரண்டையும் ஒரே கல்லாவில் வைத்தது. நூறு ஆண்டுக் கதையின் சாரம் அவ்வளவுதான். அதை இனி விரித்துச் சொல்கிறேன்.

முதலில் நிலம். திண்டுக்கல் சமவெளி ஆற்றுப் பாசனத்தை நம்பிப் பிழைக்கிற பூமி அல்ல. குடகனாறு, நங்காஞ்சி, மருதாநதி எல்லாம் மழையைப் பார்த்து ஓடுகிறவை. மேற்கே கொடைக்கானல் மலை, கிழக்கே சிறுமலை, நடுவில் செவல் மண். கிணறுதான் இங்கே வயலுக்கு உயிர். கமலை கட்டி இறைத்த காலத்தில் ஒரு கிணற்றால் ஒரு குறுக்கம், இரண்டு குறுக்கம் நனைப்பதே பெரும்பாடு. அதனால் நஞ்சை நெல்லுக்கு இங்கே இடம் குறைவு. சோளம், கம்பு, கடலை, புகையிலை, கிணற்றடியில் கொஞ்சம் காய். மின் மோட்டார் வந்த பிறகு இந்தக் கணக்கு மாறியது. கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் நிலம், நிறைய ஆள் உழைப்பு, அறுபது எழுபது நாளில் கையில் காசு. இதற்கெல்லாம் பொருந்தி வந்தது காய்கறிதான்.

அடுத்து வழி. 1875இல் திருச்சியிலிருந்து மதுரைக்குப் போன ரயில் பாதை திண்டுக்கல் வழியாகப் போனது. 1928இல் திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம், பழனி வழியாகப் பொள்ளாச்சிக்குப் பாதை போட்டார்கள். 1932இல் பொள்ளாச்சியும் பாலக்காடும் இணைந்தன. கேரளத்துக்கு வாசல் திறந்தது அப்போதுதான். பின்னால் ரயிலைவிட லாரிக்கே மதிப்பு வந்தது என்றாலும் திசை மாறவில்லை. இன்று ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட்டில் சேரும் காயில் பெரும்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டிப் போகிறது. ஓணம் நெருங்கினால் விலை ஏறுவதும், கேரளத்தில் வெள்ளம் வந்தால் இங்கே கத்தரிக்காய் கேட்பாரற்றுக் கிடப்பதும் அதனால்தான். இந்தச் சந்தையின் பசி நம் ஊரில் இல்லை. அது எர்ணாகுளத்திலும் கோழிக்கோட்டிலும் இருக்கிறது. கூட்டுறவு பற்றித் திட்டம் போடுகிறவர்கள் பலர் இந்த ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள்.

இப்போது மண்டிக்குள் போவோம். மண்டியில் விவசாயி கையில் கடைசியாக வந்து சேர்வது ஒரு துண்டுச் சீட்டு, சிட்டை. ஒரு சிட்டையைக் கற்பனையாக எழுதிப் பார்ப்போம். 300 கிலோ கத்தரிக்காய், கிலோ 20 ரூபாய். தொகை 6,000. அதன் கீழே கமிஷன். நூற்றுக்குப் பத்து என்பது பழகிப்போன கணக்கு, ஆக 600 போகும். அதன் கீழே இறக்குக் கூலி, எடைக் கூலி, சாக்கு, வண்டி வாடகை. அதற்கும் கீழே ஒரு வரி இருக்கும். வெறும் “பற்று” என்று எழுதி அதற்கு எதிரே 1,000 என்றோ 1,500 என்றோ கழித்திருப்பார்கள். என் பேச்சு முழுவதும் அந்தக் கடைசி வரியைப் பற்றியதுதான்.

நாற்று வாங்கவும், உரம் வாங்கவும், சின்ன வெங்காயம் என்றால் விதைக் காய் வாங்கவும் அந்த விவசாயி இரண்டு மாதத்துக்கு முன்னால் மண்டியில் வாங்கிய முன்பணம் அது. அதற்குச் சீட்டு எழுதி வட்டி போடுவதில்லை. பட்டா கேட்பதில்லை. ஜாமீன் கேட்பதில்லை. நிலம் சொந்தமா, குத்தகையா என்று கேட்பதில்லை. மகள் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும்கூடக் கிடைக்கும். ஒரே ஒரு நிபந்தனைதான், காயை அந்தக் கடைக்கே கொண்டுவர வேண்டும். பக்கத்துக் கடையில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடுதல் என்று தெரிந்தாலும் போக முடியாது. வட்டி அந்த இரண்டு ரூபாயில் இருக்கிறது.

மண்டிக்காரர்களைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்களில் பலர் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர்கள். இரவெல்லாம் விழித்திருந்து சரக்கு இறக்கி, கேரள வியாபாரிக்குக் கடனுக்கு அனுப்பி, பணம் வருமுன்னே இங்கே விவசாயிக்குக் கொடுத்து, சில சமயம் அங்கே வராக்கடனாகிப் போனதைத் தாங்கியவர்கள். விவசாயிக்குத் தேவையான மூன்று காரியத்தை அவர்கள் ஒரே இடத்தில் செய்கிறார்கள். விதைக்கும்போது பணம், பறித்த அன்றே விற்பனை, விற்ற அன்றே காசு. இந்த மூன்றையும் சேர்த்துச் செய்யாத எந்த அமைப்பும் அவர்களுக்கு மாற்றாக நிற்க முடியாது.

கூட்டுறவு இந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று பார்க்க நூற்றிருபது ஆண்டுக்கு மேல் பின்னால் போக வேண்டும். சென்னை மாகாண அதிகாரியாக இருந்த சர் பிரெடரிக் நிக்கல்சன் 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் இரண்டு பாகமாக ஓர் அறிக்கை எழுதினார். ஜெர்மனியில் ரைபைசன் உருவாக்கிய கிராமக் கடன் சங்கங்களைப் போல இங்கும் வேண்டும் என்பது அதன் உயிர்க் கருத்து. லேவாதேவிக்காரரின் பிடியிலிருந்து குடியானவரை மீட்பதுதான் நோக்கம். அதையொட்டி 1904இல் சட்டம் வந்தது, அதே ஆண்டு அன்றைய செங்கல்பட்டு மாவட்டம் திரூரில் முதல் வேளாண் கடன் சங்கம் பதிவானது. அந்தச் சட்டம் கடன் சங்கங்களுக்கு மட்டுமானது. சேர்ந்து விற்பதற்கு ஒரு சங்கம் அமைக்க வேண்டும் என்றால் சட்டத்தில் வழி இல்லை. 1912இல் திருத்திய சட்டம் வந்த பிறகே விற்பனைச் சங்கங்களுக்கு வாசல் திறந்தது. பிறந்த எட்டு ஆண்டில் கடன் சங்கம் ஒரு பாதையில் நடக்கப் பழகிவிட்டது. விற்பனைச் சங்கம் பின்னால் வந்து, தனியாக, வேறு பாதையில் நடந்தது. இரண்டும் அதற்குப் பிறகு பெரும்பாலும் சேரவே இல்லை.

சேர்ந்த இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு சாட்சி உண்டு. 1935இல் உதகையில் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் தொடங்கியது. மலையில் உருளைக்கிழங்கு போடும் சிறு விவசாயிகளுக்கு மேட்டுப்பாளையம் மண்டிகள் முன்பணம் கொடுத்தன, கிழங்கை அவர்களிடமே போட வேண்டும் என்ற கட்டோடு. ஒட்டன்சத்திரத்துச் சிட்டையில் பார்த்த அதே கடைசி வரிதான் அங்கேயும். சங்கம் என்ன செய்தது? மேட்டுப்பாளையத்திலேயே தன் சொந்த ஏலக்களத்தை வைத்தது. வியாபாரிகள் அங்கே வந்து கூவி ஏலம் எடுத்தார்கள். கூடவே உறுப்பினருக்கு விளைபொருளை வைத்துக் கடனும், உரமும் கொடுத்தது. கடன், இடுபொருள், ஏலம் மூன்றும் ஒரே சங்கம். அந்தச் சங்கம் பல தலைமுறை தாண்டி இன்றும் இருக்கிறது. இடையில் ஏற்ற இறக்கம் வந்திருக்கிறது, ஆனால் அழியவில்லை. நீலகிரியில் நடந்தது திண்டுக்கல்லில் ஏன் நடக்கவில்லை என்று கூட்டுறவு மாணவர்கள் ஒவ்வொருவரும் கேட்க வேண்டும்.

காரணத்தில் ஒன்று பயிரின் தன்மை. உருளைக்கிழங்கு சில வாரம் பொறுக்கும். தக்காளி பொறுக்காது. இன்று பழுத்தது இன்றே போக வேண்டும். அய்யலூர் பக்கம் விலை விழும் நாட்களில் 14 கிலோ பெட்டியைச் சந்தைக்கு ஏற்றுகிற கூலிக்கும் கட்டாமல் பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுவதையும், ரோட்டோரம் கொட்டிப் போவதையும் நாம் பார்த்திருக்கிறோம். தேங்குவதற்கு இடமே இல்லாத சரக்கில் பேரம் பேசும் பலம் விவசாயிக்கு ஏது?

இன்னொன்று சட்டம். 1933இல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தபோது பருத்தி, கடலை, புகையிலை போன்ற வணிகப் பயிர்களுக்கே ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் வந்தது. முதல் கூடம் திருப்பூரில் பருத்திக்காக. காய்கறி அந்தக் கணக்கில் இல்லை. அரசாங்கத்தின் கண்ணுக்குக் காய்கறி நெடுங்காலம் ஒரு பயிராகவே தெரியவில்லை. அது கிணற்றடிச் சாகுபடி, வீட்டுச் செலவுக்கு, பெண்கள் கூடையில் சுமந்து விற்பது என்றே இருந்தது. அந்தப் பார்வையின் விலையை இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சுதந்திரத்துக்குப் பிறகு ரிசர்வ் வங்கி நாடு முழுவதும் கிராமக் கடன் ஆய்வு ஒன்றை நடத்தியது. கோர்வாலா தலைமையிலான குழு 1954இல் அறிக்கை கொடுத்தது. விவசாயி வாங்கிய கடனில் கூட்டுறவு கொடுத்த பங்கு 3.1 சதவீதம் மட்டுமே என்று அது கண்டது. ஐம்பது ஆண்டுச் சட்டம், ஐம்பது ஆண்டுப் பிரசாரம், கிடைத்தது இந்த மூன்று சதவீதம். கூட்டுறவு தோற்றாலும் அதை வெற்றி பெறச் செய்தே தீர வேண்டும் என்பது அந்தக் குழுவின் முடிவு. அதற்கு அவர்கள் சொன்ன வழிதான் முக்கியம். கடனையும் விற்பனையையும் இணையுங்கள், பயிரை நம்பிக் கடன் கொடுங்கள், அந்தப் பயிர் விற்கும்போதே கடனைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மண்டிக்காரர் அறிக்கை எதுவும் படிக்காமல் செய்துவந்ததைத்தான் அரசுக்குப் பரிந்துரைத்தார்கள். காய்கறியைப் பொறுத்தவரை அந்தப் பரிந்துரை காகிதத்திலேயே நின்றுவிட்டது.

அதே காலத்தில் விவாதம் வேறு பக்கம் திரும்பியது. 1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் கூட்டுப் பண்ணை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. நிலத்தையே சேர்த்து உழ வேண்டும் என்ற யோசனை. அதை எதிர்த்துத்தான் ராஜாஜி அதே ஆண்டு சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். நிலத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று நாடு சண்டை போட்டதில், விளைந்ததைச் சேர்த்து விற்பது என்ற எளிய வேலை பின்னால் போய்விட்டது. நம் விவசாயி வேலியை எடுக்கச் சம்மதிக்க மாட்டார், அது நியாயம். லாரியில் தன் மூட்டையைப் பக்கத்துத் தோட்டத்து மூட்டையோடு ஏற்றச் சம்மதிப்பார். அந்தச் சம்மதத்தை யாரும் கேட்கவே இல்லை.

இந்த இடத்தில் காந்திகிராமத்தைச் சொல்லாமல் போக முடியாது. 1947இல் அம்பாத்துரை ரயில் நிலையத்துக்கு அருகே டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய நிறுவனம் அது. கதர், சுகாதாரம், கல்வி, தாய் சேய் நலம் என்று சுற்று வட்டாரத்தில் அது செய்த பணி பெரிது. கூட்டுறவை ஒரு படிப்பாகவே அது கற்பித்தது. பூதான இயக்கத்தில் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் வத்தலக்குண்டு, நிலக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் நடந்த நடை, நிலமில்லாதவருக்கு நிலம் கேட்டது. அந்தப் போராட்டத்தின் அறம் பற்றி எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஆனால் நிலம் கிடைத்த குடும்பம் அதில் போட்ட கத்தரியை யாரிடம் விற்கும் என்பதற்கு இந்த மாவட்டத்தில் விடை இல்லாமலே போய்விட்டது.

பாலுக்கு மட்டும் ஏன் நடந்தது? 1946இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பால் சங்கம் பதிவானபோது போல்சன் என்ற ஒரே கம்பெனிதான் வாங்குபவராக இருந்தது. எதிரி ஒருவர், பொருளும் ஒன்று. அதன் தரத்தைக் கொழுப்பு அளந்து சொல்லிவிடலாம். விலையும் முன்கூட்டியே தெரியும். தமிழ்நாட்டில் ஆவின் அதே வழியில் வளர்ந்தது. காய்கறியில் இந்த வசதி ஒன்றும் இல்லை. இருபது வகைப் பொருள். ஒரே செடியில் முதல் பறிப்பு ஒரு விலை, ஐந்தாம் பறிப்பு ஒரு விலை. காலை நாலு மணி விலை ஆறு மணிக்கு இருக்காது. அதனால் பால் சங்கத்தின் விதிகளை அப்படியே காய்கறிக்குப் போட முடியாது. காய்கறிச் சங்கத்தின் நடுவில் இருக்க வேண்டியது அளவுக் கருவி அல்ல, ஏலக்களம்.

ஹாலந்தில் இதை வெகு முன்பே புரிந்துகொண்டார்கள். 1887இல் ப்ரூக் ஓப் லாங்கெடைக் என்ற ஊரில் காலிஃபிளவர் ஏற்றி வந்த படகில் ஏலம் போட்டுத் தொடங்கினார்கள். பிறகு விவசாயிகளே சேர்ந்து ஏலக்கூடம் நடத்தும் வழக்கம் நாடெங்கும் பரவியது. ஏலம் யாருடையதோ, விலை அவருக்கே தெரியும். விவசாயியின் சொந்தக் களத்தில் ஏலம் நடந்தால், விலை சொல்லும் வியாபாரிகள் எத்தனை பேர், எந்த விலையில் நின்றார்கள் என்பது எல்லாருக்கும் வெளிச்சம். மண்டியில் அந்தக் கணக்கு ஒருவர் மனதில் மட்டும் இருக்கும்.

நம் இனத்திலேயே ஒரு முன்னுதாரணம் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துப் புகையிலைக்கு நீண்ட காலமாகத் திருவிதாங்கூரில் பெரிய சந்தை. விற்பனை முழுவதும் இடைத்தரகர் கையில். 1930களில் யாழ்ப்பாணத்து விவசாயிகள் மலையாளப் புகையிலை விற்பனவுச் சங்கம் அமைத்து, கடலுக்கு அப்பாலுள்ள மலையாளச் சந்தைக்குச் சேர்ந்து விற்றார்கள். கடலைத் தாண்டி அவர்களால் முடிந்தது. நமக்கு நடுவில் மலைதான் இருக்கிறது.

அரசு எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்தது. கமிஷன் கிடையாது, அடையாள அட்டை வைத்த விவசாயி தானே தராசு பிடித்து விற்கலாம், விலை காலையில் பலகையில் எழுதப்படும். திண்டுக்கல், பழனி மக்களுக்கும் உழவர் சந்தை நல்ல காய் கொடுத்தது, பல பெண் விவசாயிகளைத் தங்கள் கையில் காசு பார்க்க வைத்தது. அந்தத் திட்டத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் 50 கிலோ கொண்டுவருகிறவருக்குத்தான் அது பொருந்தும். டெம்போ நிறைய முருங்கை அறுக்கிறவர் காலை எட்டு மணி வரை உட்கார்ந்து கிலோ கிலோவாக விற்க முடியாது. அவருக்கு ஒட்டன்சத்திரம்தான் வழி.

கூட்டுறவுக் கடனும் பெருகியது. குறித்த நேரத்தில் கட்டினால் பயிர்க் கடனுக்கு வட்டியே இல்லை. 2006இல் 6,866 கோடி ரூபாய், 2016இல் சிறு குறு விவசாயிகளுக்கு 5,780 கோடி, 2021இல் 12,110 கோடி என்று மூன்று முறை கூட்டுறவுக் கடன்கள் தள்ளுபடியாயின. கடன் தள்ளுபடி வறட்சியில் விழுந்தவரைத் தூக்கிவிடும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இத்தனை பணத்தில் ஒரு பங்காவது காய்கறியின் விலையை மாற்றியதா? இல்லை. சங்கத்தில் வாங்கிய கடன் சங்கத்தோடு நின்றது, காய் மண்டிக்குப் போனது. சங்கச் செயலாளருக்குத் தன் உறுப்பினர் இந்தப் போகத்தில் எத்தனை மூட்டை வெங்காயம் எடுத்தார் என்று தெரியாது. மண்டிக்காரருக்குத் தெரியும். மேலும் சங்கங்களுக்குத் தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்களே நடத்திய காலம் நீண்டது. உறுப்பினர் தேர்ந்தெடுக்காத சங்கத்தை உறுப்பினர் தன்னுடையது என்று எப்படி நினைப்பார்? இன்னொன்றும் உண்டு. சங்கத்தில் பட்டா வேண்டும். குத்தகைக்கு ஓட்டுகிறவரும், கணவர் பெயரில் நிலம் இருக்கப் பயிரிடுகிற பெண்ணும் வெளியே நிற்கிறார்கள். காய்கறித் தோட்டத்தில் பறிப்பது, தரம் பிரிப்பது, மூட்டை கட்டுவது பெரும்பாலும் பெண்கள். சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் அவர்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு ஊரிலும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

2002இல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி உற்பத்தியாளர் நிறுவனம் என்ற புது வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். பேராசிரியர் அலக் தலைமையிலான குழு சொன்ன யோசனை அது. பத்து விவசாயிகள் சேர்ந்தால் போதும், ஒருவருக்கு ஒரு வாக்கு, அரசு அலுவலர் தலையிட முடியாது. தமிழ்நாட்டில் 2017-18இல் கூட்டுப் பண்ணையத் திட்டம் வந்தது. 20 பேர் ஓர் ஆர்வலர் குழு, ஐந்து குழு சேர்ந்து 100 பேர் உற்பத்தியாளர் குழு, பத்து சேர்ந்து 1,000 பேர் நிறுவனம். ஒவ்வொரு நூறு பேர் குழுவுக்கும் 5 லட்சம் ரூபாய் மூலதன நிதி. அதில் பெரும்பாலும் டிராக்டரும் பவர் டில்லரும் தெளிப்பானும் வாங்கினார்கள். உழவுக்கு உதவியது. விற்பனைக்கு அல்ல.

நம் மாவட்டத்தில் கன்னிவாடிப் பகுதியை இங்கே குறிப்பிட வேண்டும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் அங்கே வேலை தொடங்கியது. ரெட்டியார்சத்திரம் விதை உற்பத்தியாளர் சங்கம், குளுமை என்ற சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்பு, பின்னாளில் ரெட்டியார்சத்திரம் நிலைத்த வேளாண் உற்பத்தியாளர் நிறுவனம் என்று அது வளர்ந்தது. இதன் பாடம் பொறுமை. மேலிருந்து ஒரே நாளில் ஆயிரம் பேரைச் சேர்க்கவில்லை. முதலில் சிறு குழு, சிறு சேமிப்பு, ஒரு பொருள், பிறகுதான் கம்பெனி.

மற்ற பல நிறுவனங்களில் சிக்கல் எங்கே வருகிறது? எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் உறுப்பினர், தலைக்கு 1,000 ரூபாய் பங்கு. 10 லட்சம். 2020இல் வந்த மத்திய அரசின் 10,000 நிறுவனத் திட்டத்தில் உறுப்பினர் போட்ட பங்குக்குச் சமமாக, தலைக்கு 2,000 வரை, மொத்தம் 15 லட்சம் வரை மானியப் பங்கு கிடைக்கும். ஆக 20 லட்சம் கையில். ஒரு நாளைக்கு 3 லட்சம் ரூபாய்க்குக் காய் வாங்கி கேரளத்துக்கு அனுப்பினால், அங்கே பணம் வர ஒரு வாரம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், ஏழாம் நாள் 21 லட்சம் வெளியே நிற்கும். கல்லா காலி. அன்று விவசாயிக்குக் காசு கொடுக்க முடியாது. எட்டாம் நாள் அவர் பழைய மண்டிக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, மாலையில் உரக்கடைக்காரர் நிற்பார்.

கடனும் விற்பனையும் சேர வேண்டும் என்பதைக் கேரளத்தார் சரியாகப் பிடித்தார்கள். 1993இல் ஐரோப்பிய உதவியோடு தொடங்கிய தோட்டக்கலைத் திட்டம் 2001இல் காய்கறி பழ மேம்பாட்டு மன்றமாக மாறியது. அவர்கள் முதலில் செய்த வேலைகளில் ஒன்று, வங்கிகளைக் கூட்டி வந்து குத்தகை விவசாயிக்கும் கடன் கிடைக்கச் செய்தது. அடுத்தது, விவசாயிகள் தாங்களே நடத்தும் ஊர் விற்பனை மையம். கடனும் விற்பனையும் ஒரே குழுவின் கையில். 2021 இறுதியில் கேரளத்தில் தக்காளி விலை ஏறியபோது, அந்த மாநிலத்தின் ஹார்டிகார்ப் நிறுவனம் தென்காசி மாவட்ட உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களிடம் நேரடியாகக் காய் வாங்க ஒப்பந்தம் போட்டது. வாங்குபவர் தேடி வந்துவிட்டார். விற்கத் தயாராக இருக்க வேண்டியது நாம்.

ஆகவே என் யோசனை இது. திண்டுக்கல் சமவெளிக்கு இன்னும் ஒரு புதிய அமைப்பு வேண்டாம். இருக்கும் இரண்டைச் சேர்க்க வேண்டும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் பயிர்க் கடன் கொடுக்கட்டும். அதே விவசாயி உறுப்பினராக இருக்கும் உற்பத்தியாளர் நிறுவனம் காயை ஏலம் விடட்டும். விற்ற அன்றே கடன் தவணை பிடிக்கப்பட்டு மீதி கைக்கு வரட்டும். கேரளத்திலிருந்து பணம் வருவதற்குள் ஏற்படும் ஒரு வார இடைவெளியை மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கி சுழல் கடனாகத் தாங்கட்டும். கோர்வாலா குழு 1954இல் கேட்டதும் இதுவே.

தொடங்குவது சின்ன வெங்காயத்தில் இருக்க வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து. தக்காளியில் தொடங்கினால் முதல் மாதமே தோற்போம். வெங்காயம் பொறுக்கும் பயிர். நம் ஊர்ப் பக்கம் தோட்டத்திலேயே பட்டறை போடுவார்கள். தரையிலிருந்து உயர்த்திக் கல்லும் குச்சியும் அடுக்கி, காற்று கீழே நுழைய விட்டு, தாளோடு வெங்காயத்தைக் கொட்டி, பக்கவாட்டில் படல் கட்டி, மேலே ஓலை வேய்வார்கள். முறையாகக் காய்ந்த வெங்காயம் அதில் சில மாதம் தாங்கும். விலை விழும்போது விவசாயி விற்காமல் இருக்கலாம், அதற்குள் வீட்டுச் செலவுக்குப் பணம் இருந்தால். பணம் இல்லாததால்தான் பட்டறையைப் பாதி விலைக்குக் காலி செய்கிறார். கிடங்கில் இருக்கும் நெல்லுக்கும் மிளகாய் வற்றலுக்கும் பொருளீட்டுக் கடன் கொடுக்கும் நாம், தோட்டத்துப் பட்டறையில் இருக்கும் வெங்காயத்துக்கு ஏன் கொடுக்கக் கூடாது? பட்டறையைச் சங்கத்து ஆள் வந்து பார்த்து, சீல் வைத்து, மதிப்பில் பாதி கடன் கொடுக்கட்டும். அதில் ஊழல் வராதா என்று கேட்பார்கள். மண்டிக்காரர் பட்டறையை நேரில் பார்த்துத்தான் முன்பணம் கொடுக்கிறார். அவரால் முடிந்தது சங்கத்தால் முடியும்.

பட்டா இல்லாத குத்தகைக்காரருக்கும், பயிரிடும் பெண்ணுக்கும் அந்தக் கடன் கிடைக்க வேண்டும். அதற்குச் சட்டம் மாற வேண்டிய இடத்தில் மாறட்டும், அதுவரை குழு ஜாமீனில் தொடங்கலாம்.

கூட்டுறவு படிக்கும் மாணவ மாணவியரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த அரையாண்டில் உங்கள் களப்பணியைப் பாடப் புத்தகத்திலிருந்து மண்டிக்கு மாற்றுங்கள். ஒரு ஊர், நூறு குடும்பம். அவர்கள் ஓராண்டில் வாங்கிய சிட்டைகளைச் சேர்த்து, முன்பணம் எவ்வளவு, கமிஷன் எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு என்று கூட்டிப் போடுங்கள். அந்தக் கணக்கைச் சங்கத்து ஆண்டுப் பேரவையில் உறுப்பினர் முன்னால் படியுங்கள். விவசாயப் பெருமக்களிடமும் ஒன்று. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பரணில் கிடக்கும் பழைய சிட்டைகளைத் தூக்கி எறியாமல் எடுத்து வையுங்கள். இந்தப் பிள்ளைகள் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து கேட்கும்போது கொடுங்கள்.